திருத்தப்பட்ட ஸிலிண்டரை ஆராயும் முறை

பழஞ்சுவடியைப் பதிப்பிப்போர் முதற்கண் செய்வது, ஆசிரியன் எழுதிய பாடம் இது, பிறர் புகுத்திய இடைச்செருகல் இது எனப் பிரித்தறிதலேயாம். பிறர் கைப்பட்ட யந்திரமொன்றை விலைக்கு வாங்குவோனுக்கும் அத்தகைய ஆராய்ச்சியே வேண்டப்படுவது. ஏட்டில் நேர்ந்த பிழையைத் திருத்தலாம். அராவி எடுக்கப்பட்ட இரும்பை மீண்டும் சேர்த்தல் எளிதன்று. இதனை ஓர் உதாரணங்கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை விற்கப்பட்ட யமஹா பான்ஷீ என்னும் குவாட் வண்டியே அவ்வுதாரணம். மணல்மேடுகளில் ஓட்டுதற்குப் பெரிதும் விரும்பப்பெறும் இந்நாற்சக்கர வண்டியில், நீரால் குளிர்விக்கப்படும் இரட்டை ஸிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் யந்திரம் அமைந்துள்ளது. ஸிலிண்டரின் உள்விட்டம் 64 மில்லிமீட்டர். பிஸ்டனின் வீச்சு 54 மில்லிமீட்டர். இரண்டின் கொள்ளளவும் சேர்ந்து 347 கன சென்டிமீட்டர். 1983 இல் நம் நாட்டில் வெளிவந்த ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிளுக்கும், அது காற்றால் குளிர்வதேனும், விட்டமும் வீச்சும் இவையே. பான்ஷீயை வாங்கியோர் பலர் அதனை இருந்தபடியே விட்டுவைத்தாரல்லர். ஆகலின் கைம்மாறி வருவனவற்றுள் பல, திருத்தப்பட்ட ஸிலிண்டர் உடையனவே.

இத்திருத்தம் யாதெனின், இவ்வகை யந்திரத்தில் ஸிலிண்டர்ச் சுவரிலுள்ள போர்ட் என்னும் வாயில்களைப் பிஸ்டனே திறந்து மூடுகின்றது. எனவே வாயிலின் உயரமும் அகலமுமே யந்திரத்தின் இயல்பை நிர்ணயிக்கும். புகை வெளியேறும் வாயிலின் மேல்விளிம்பை உயர்த்தினால், அது முந்தித் திறந்து பிந்தி மூடும். விரைந்து சுழலுங்கால் வலிமை பெருகும். மெல்லச் சுழலுங்கால் குன்றும். ஆதலின், 'இது வலிமை மிக்க யந்திரம்' என விற்போன் கூறுவது பாதி உண்மையே. பரந்த மணல்மேட்டிற்கு ஏற்றது, வளைந்து செல்லும் காட்டுப்பாதைக்கு ஏலாது.

இனி, ஆராயும் வழிகள் நான்கு.

முதலாவது, வினாவுதல். வேலை செய்தவர் யார், பிஸ்டனின் அளவு யாது, எவ்வகைப் பெட்ரோல் ஊற்றப்படுகின்றது என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். ஸிலிண்டர் ரீபோர் செய்யப்பட்டு விட்டம் 66 மில்லிமீட்டராயின், கொள்ளளவு ஏறத்தாழ 369 கன சென்டிமீட்டர் ஆகும். இதனை ஆதாயமென விற்போன் பாராட்டுவான். எனினும், ஸ்லீவ் என்னும் இரும்புறையின் கனம் அதனால் குறைந்தது என்பதையும், மற்றொரு முறை கடைவதற்கு இடம் அரிது என்பதையும் வாங்குவோன் மறத்தலாகாது.

இரண்டாவது, காண்டல். புகைக்குழாயைக் கழற்றி விளக்கின் ஒளியால் வாயிலினூடே நோக்கினால், பிஸ்டனின் பக்கமும் ரிங்குகளும் தோன்றும். நெடுக்காக விழுந்த கீறல்களும், சுவரில் அப்பிய அலுமினியமும், பிஸ்டன் முன்னர் இறுகியதற்குச் சான்றாம். வாயிலின் விளிம்புகள் சற்றே சாய்த்து மழுக்கப்பட்டிருத்தல் வேண்டும்; கூர்மையாயின் ரிங் அதிற் சிக்கும். வாயில் அளவிறந்து அகன்றிருப்பினும், ரிங் அதனுட் பிதுங்கி முறியும். அரத்தின் தடங்கள் தாறுமாறாகக் காணப்படின், செய்த கை பழகாத கை என்க.

மூன்றாவது, அளத்தல். த்ராட்டிலை முழுதுந் திறந்து, முள் உயராது நிற்கும் வரை கிக்கரை உதைத்து, இரு ஸிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அளத்தல் வேண்டும். ஈண்டு ஓர் எச்சரிக்கை: புகைவாயிலை உயர்த்தினால் இவ்வளவு குறையும், ஹெட்டைக் கடைந்தால் கூடும். ஆகவே தனியோர் எண்ணைக் கொண்டு நன்று தீது எனத் துணிதல் தவறாம். இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்பதே வினா. நூற்றுக்குப் பத்துக்கு மேல் வேறுபடின் ஐயுறுக. விற்போன் இசைந்து ஹெட்டைக் கழற்றுவானாயின், மேல்முகத்திலிருந்து வாயிலின் மேல்விளிம்பு வரையுள்ள தூரத்தை இரண்டிலும் வெர்னியரால் அளந்து ஒப்பிடுக. சமமின்மை தோன்றின் வேலை பழுதுடையதே.

நான்காவது, காற்றுச் சோதனை. கார்புரேட்டர்ப் பக்கத்தையும் புகைவாயிலையும் அடைத்து, சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அழுத்தங் கொடுத்து, அது நிலைக்கின்றதா எனக் காண்டல் வேண்டும். கிராங்க் ஸீல் கெட்டிருப்பின் அழுத்தம் விரைந்து இறங்கும். அவ்வழியே புகும் மிகைக்காற்று பெட்ரோற் கலவையை மெலிவித்து, பிஸ்டனைச் சூடேற்றி இறுகச் செய்யும். எத்துணைச் சிறந்த ஸிலிண்டரும் அதனால் ஒரு நாளில் அழியக்கூடும்.

இவ்வளவு ஆராய்ச்சி எற்றுக்கு எனின், பொருள் மட்டும் இதில் அடங்கியதன்று. விரைந்தோடுங்கால் பிஸ்டன் இறுகுமாயின், க்ளட்சை உடனே பிடிக்கத் தவறியவனது வண்டியின் பின்சக்கரங்கள் நின்றுவிடும். ஓட்டுவோன் தூக்கியெறியப்படுதலும் உண்டு. உயிரும் உடலும் ஈடாக வைக்கப்படுமிடத்து, முகதாட்சணியத்தால் வாய்மூடியிருத்தல் பண்பாகாது.

விற்போன் தான் செலவிட்டதை விலையாகக் கணக்கிடுவான். வாங்குவோன் கணக்கிடற்பாலன, தன் தேவைக்கு அஃது ஏற்குமா என்பதும், அதன் ஆயுளில் எஞ்சியது எவ்வளவு என்பதுமே. சோதிக்க இடங்கொடாதவனிடம், ரிங், பிஸ்டன், ஸ்லீவ் ஆகிய அனைத்தும் மாற்றவேண்டியவை எனக் கொண்டு, அச்செலவைக் கழித்தே விலை பேசுதல் வேண்டும். அதற்கும் அவன் இசையானாயின், வெறுங்கையோடு திரும்புதலே ஆதாயமாம்.