முற்றத்துப் பூப்பந்தாட்டம்: தெரிந்திருக்க வேண்டியவை

கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, ஒரு வலையும் இரண்டு மட்டையும் இருந்தால் முற்றமே ஆடுகளம். விதிகளைச் சரியாகத் தெரிந்துகொண்டால் பிள்ளைகள் நாளைக்குப் பாடசாலைப் போட்டியிலும் தடுமாறமாட்டார்கள்.

• களம்: நீளம் 44 அடி. அகலம் இரட்டையருக்கு 20 அடி, ஒற்றையருக்கு 17 அடி. வலையின் நடு உயரம் 5 அடி.

• சேர்விஸ்: உங்கள் புள்ளி இரட்டை எண்ணானால் வலப்பக்கம், ஒற்றை எண்ணானால் இடப்பக்கம் நின்று, எதிர்மூலைக் கட்டத்துக்கு அடியுங்கள். தரையிலிருந்து 1.15 மீற்றருக்கு மேலே வைத்து அடிப்பது தவறு. கால் கோட்டை மிதிக்கக்கூடாது.

• புள்ளி: 21 எடுத்தால் ஒரு சுற்று. 20–20 ஆனால் இரண்டு புள்ளி முந்தவேண்டும். 29–29 ஆனால் 30ஆவது புள்ளியே முடிவு. மூன்றில் இரண்டு சுற்று வென்றவருக்கு வெற்றி.

• சர்ச்சை வேண்டாம்: கோட்டில் விழுந்த பந்து உள்ளேதான். மட்டையோ உடம்போ வலையில் பட்டால் புள்ளி எதிராளிக்கு. சேர்விஸ் பந்து வலையை உரசிச் சரியான கட்டத்தில் விழுந்தால் செல்லும்.

• சோளகக் காற்றில்: இறகுப் பந்தைவிடப் பிளாஸ்டிக் பந்து தாங்கும். காற்று ஓடும் திசையிலேயே களத்தின் நீளத்தைக் கீறுங்கள். பந்து பக்கவாட்டில் இழுபடாது. சுற்றுக்குச் சுற்று பக்கம் மாறுங்கள். மூன்றாம் சுற்றில் 11 புள்ளியிலும் மாறவேண்டும். காற்று இருவருக்கும் சமமாகும்.