காலிடம் கேட்டு வாங்குங்கள்

ஓடுவதற்கு எந்த ஷூ வாங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒரு கம்பெனியின் பெயர், இல்லாவிட்டால் ஒரு விலை. கேட்டவரின் காலையும் பார்க்காமல், அவர் எங்கே ஓடப்போகிறார் என்றும் கேட்காமல் சொல்லப்படும் பதில்கள் இவை. என் நிலைப்பாடு எளியது. காலுக்கு இதமாக இருக்கும் ஷூவே நல்ல ஷூ. பாதத்தின் வகை, கம்பெனியின் பெயர், சோலுக்குள் வைத்திருப்பதாகச் சொல்லப்படும் தொழில்நுட்பம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆனால் இதம் என்று நான் சொல்வது, கடையின் வழவழப்பான தரையில் நான்கு அடி நடக்கும்போது தெரிகிற மெத்தென்ற உணர்வை அல்ல. நீங்கள் ஓடும் வேகத்தில், நீங்கள் ஓடும் தரையில், ஓடி ஓடிச் சற்றே உப்பிய பாதத்துக்குத் தெரிய வேண்டிய இதம் அது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள், சிலர் முழங்காலையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பாதத்தின் வகையைப் பார்த்து ஷூ வாங்கும் முறை நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. காலை நனைத்துத் தரையில் வைத்து எடுக்க வேண்டும். தடம் முழுசாகப் பதிந்தால் தட்டைப் பாதம், நடுவில் மெலிந்து பதிந்தால் வளைவு உயர்ந்த பாதம். முதலாவதற்கு உள்பக்கம் முட்டுக்கொடுத்த கெட்டியான ஷூ, இரண்டாவதற்கு மெத்தென்ற ஷூ என்பது கணக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்க ராணுவம் இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்த்தது. தரைப்படை, விமானப்படை, மரைன் படை என மூன்றிலும் பயிற்சிக்கு வந்த புதியவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பாத வடிவத்தைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள். மறு பிரிவில் எல்லோருக்கும் ஒரே வகை ஷூ. 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளியான முடிவுகள் மூன்று படைகளிலும் ஒன்றுபோலவே இருந்தன: பாதத்தைப் பார்த்துக் கொடுத்ததால் காயங்கள் குறையவில்லை. டென்மார்க்கில் ஓடத் தொடங்கிய 927 பேருக்கு, முட்டு எதுவும் இல்லாத சாதாரண ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். பாதம் உள்பக்கம் சாய்கிறவர்களுக்குக் கூடுதலாக அடிபடும் என்ற எதிர்பார்ப்பு அங்கேயும் பொய்த்தது. 2022இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 12 சோதனைகளை, 11,240 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து அலசியபோதும், இன்ன வகை ஷூ போட்டால் காயம் குறையும் என்று உறுதியாகச் சொல்லச் சான்று கிடைக்கவில்லை.

அப்படியென்றால் எதை நம்புவது? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பென்னோ நிக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 206 ராணுவத்தினரிடம் பல வகை இன்சோல்களைக் கொடுத்து, தங்களுக்கு எது சுகமோ அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தேர்வுகள் ஆளுக்கு ஆள் மாறின. தனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொண்டவர்களுக்கு, எதுவும் போடாதவர்களைவிட வலியும் எலும்புக் கீறலும் குறைவாக இருந்தன. ஒவ்வோர் உடலுக்கும் அதற்கே உரிய ஓர் அசைவுப் பாதை உண்டு, அதற்கு ஒத்துவரும் ஷூவைக் கால் இதம் என்று உணர்கிறது, முரண்டு பிடிக்கும் ஷூவைத் தொந்தரவு என்று உணர்கிறது என்ற விளக்கத்தை 2015இல் அவர் முன்வைத்தார். இதில் உள்ள ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆய்வு இன்சோலைப் பற்றியது, முழு ஷூவைப் பற்றியது அல்ல. ஆகவே இதை முடிந்த முடிவாக நான் வைக்கவில்லை. ஆனாலும், பாதத் தடத்தைப் பார்த்துச் சொல்லும் முறை சோதனையில் தோற்றிருக்கிறது. காலின் உணர்வைக் கேட்கும் முறை தோற்கவில்லை. அதற்குச் செலவும் இல்லை. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் நான் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்வேன்.

கடையில் சுகமாக இருந்த ஷூ ஐந்தாவது கிலோமீட்டரில் கடிக்கிறதே, காலின் பேச்சை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தப்பு காலின்மேல் இல்லை, நாம் கேட்ட நேரத்திலும் இடத்திலும் இருக்கிறது. காலையில் இருக்கும் பாதம் சாயங்காலம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது இன்னும் வீங்கும். ஆகவே சாயங்காலம் போங்கள், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு பாதமும் ஒரே அளவில் இருக்காது, பெரிய பாதத்துக்குத்தான் ஷூ. எழுந்து நின்ற நிலையில், நீளமான விரலின் நுனிக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே கைக் கட்டைவிரலின் அகலம் இடம் இருக்க வேண்டும். இறக்கத்தில் ஓடும்போது பாதம் முன்னே சரிந்து முட்டுவதால்தான் நகம் கறுத்துப்போகிறது. பிறகு ஒரு சின்ன காரியம், இதைச் செய்பவர்கள் குறைவு. ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரலோ, பெருவிரலின் அடிமூட்டோ இன்சோலின் விளிம்பைத் தாண்டி வழிந்தால், அந்த ஷூ உங்கள் காலைப் பக்கவாட்டில் நெரிக்கப்போகிறது. மேல்துணி இளகிக் கொடுக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மேல்துணி ஓரளவுக்கு இளகும், அடிப்பாகம் இளகாது.

அகலத்தைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. நம் கடைகளில் பார்க்கும் ஆறு, ஏழு, எட்டு என்பது இங்கிலாந்து அளவு. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீளத்தில் சுமார் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். அந்த எண் நீளத்தைத்தான் சொல்கிறது, அகலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியில் அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலம் என்பது அதில் தெரியவந்தது. இந்தியர்களுக்கென்று தனி அளவுமுறை வேண்டும் என்ற பரிந்துரையும் அதன் அடிப்படையில்தான் எழுந்தது. அகலம் போதாதபோது நம்மவர்கள் செய்வது ஓர் எண் பெரிய ஷூவை வாங்குவது. அப்போது முன்பக்கம் சரியாகி, குதிகால் தளர்ந்து, ஒவ்வோர் அடிக்கும் உரசிக் கொப்புளம் போடும். அதே எண்ணில் அகலமான வார்ப்பு வருகிறதா என்று கேளுங்கள். பல கம்பெனிகள் ஆண்களுக்கு 2இ, பெண்களுக்கு டி என்று குறித்து விற்கிறார்கள். கடையில் இல்லாவிட்டாலும் வரவழைத்துத் தருவார்கள்.

இனி தரை. தார் ரோட்டைவிட சிமென்ட் ரோடு கடினம், ஆகவே அதற்கு ஆகத் தடிமனான ஷூ வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். கால் வெறும் கட்டை என்றால் அது சரி. ஆனால் கால் ஒரு ஸ்பிரிங். தரை மெத்தென்று இருந்தால் ஓடுபவரின் கால் தன்னை விறைப்பாக்கிக்கொள்கிறது, தரை கடினமாக இருந்தால் இளகிக்கொடுக்கிறது என்பதை 1998இல் ஃபெரிஸ், லூயி, ஃபார்லி ஆகியோரின் ஆய்வு காட்டியது. மிகத் தடிமனான ஷூ போட்டு வேகமாக ஓடியவர்களுக்குக் கால் விறைத்து, தரையில் மோதும் விசை கூடியதாக 2018இல் பின்லாந்து ஆய்வு ஒன்று சொன்னது. அதற்காக மெத்தையே வேண்டாம் என்று ஆகிவிடாது. லக்ஸம்பர்க்கில் 848 பேருக்கு, பார்வைக்கு ஒரேமாதிரி இருந்த இரண்டு வகை ஷூவைக் கொடுத்து ஆறு மாதம் ஓடவிட்டார்கள். கெட்டியான ஷூ போட்டவர்களுக்குக் காயம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கூடுதல். மெத்தையான ஷூவின் அந்தப் பலனும் எடை குறைந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. உடல் கனமானவர்தான் மெத்தையான ஷூ போட வேண்டும் என்று கடையில் சொல்வதை இது அப்படியே புரட்டிப்போடுகிறது. ஆகவே ரோட்டில் ஓடுபவருக்கு என் யோசனை: நடுத்தரமான மெத்தை, அதில் உங்கள் காலுக்குப் பிடித்த அளவு. சிமென்ட்டைக் கண்டு பயந்து ஆகத் தடிமனானதைத் தேட வேண்டியதில்லை.

ரோட்டைவிட்டு விலகினால் கேள்வியே மாறிவிடுகிறது. அங்கே பிடிப்புதான் முக்கியம். நீலகிரியின் தேயிலைத் தோட்டத்துப் பாதையில், மழைக்காலச் செம்மண்ணில் ரோடு ஷூவோடு இறங்கினால், அடிப்பாகத்தின் தட்டையான ரப்பரில் சேறு அப்பிக்கொள்ளும். பத்தடிக்குள் சறுக்கும். அதற்கு ஆழமான பற்கள் உள்ள ட்ரெயில் ஷூ வேண்டும். பற்கள் நெருக்கமாக இல்லாமல் விலகி விலகி இருந்தால்தான் சேறு தானே உதிரும். கல் நிறைந்த பாதையென்றால் உள்ளங்காலில் கூர்க்கல் குத்தாமலிருக்க சோலுக்குள் ஒரு தகடு வைத்த வகை உண்டு. அதே ட்ரெயில் ஷூவோடு நகரத்து நடைபாதையில், மழை பெய்து ஓய்ந்த காலையில், பாசி படிந்த பேவர் பிளாக்கின்மேல் ஓடினால் வழுக்கும். அங்கே தேவை தரையோடு அதிக இடம் ஒட்டும், சற்று மென்மையான ரப்பர். கடை வாசலிலேயே ஈரத் தரையில் ஒரு காலை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மெரினாவின் உலர்ந்த மணலில் எந்த ஷூவும் பெரிதாக உதவாது. மணலில் ஓடக் கெட்டித் தரையைப்போல் 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்று பெல்ஜிய ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. மணலே மெத்தை என்பதால் தடிமனான சோல் அங்கே கணுக்காலைப் புரட்டத்தான் பயன்படும். மெலிந்த, தட்டையான ஷூ போதும். அலை நனைத்த கெட்டி மணலில் ஓடுபவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அது கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடினால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் ஓடியதாக ஆகும். திரும்பி வரும்போது அதே கரையில் வாருங்கள், இரண்டு காலுக்கும் கணக்கு நேராகும். ஸ்டேடிய ட்ராக்கிலும் ட்ரெட்மில்லிலும் இலேசான ரோடு ஷூவே போதும்.

தரைக்கு அடுத்ததாக, ஷூவில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். வித்தியாசம் அதிகமான ஷூ முழங்காலுக்குச் சுமை ஏற்றும், குறைவான ஷூ கெண்டைத்தசைக்கும் குதிநாணுக்கும் ஏற்றும். கெண்டைத்தசை அடிக்கடி பிடித்துக்கொள்கிறவர், புதிதாக வந்திருக்கிறதென்று வித்தியாசமே இல்லாத தட்டை ஷூவுக்குத் தாவக் கூடாது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வாரத்தில் ஒரு நாள், ஒரு கிலோமீட்டர் என்று தொடங்குங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் வென்றதை எடுத்துக்காட்டி ஷூவே தேவையில்லை என்பவர்களுக்கும் இதுவே என் பதில். நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் அவர் ஷூ போட்டுக்கொண்டு வென்றார். எந்தக் கால் எதற்குப் பழகியிருக்கிறது என்பதுதான் விஷயம்.

காலிடம் கேள் என்ற என் வாதம் செல்லுபடியாகாத ஓர் இடமும் உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். நீண்டநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கும். ஷூ கடித்தாலும் அந்தக் கால் சொல்லாது, புண் வந்த பிறகே தெரியவரும். அவர்கள் இதத்தை நம்பி ஷூ வாங்கக் கூடாது. முதலில் மருத்துவரிடம் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். முன்பக்கம் அகலமும் உயரமும் உள்ள, உள்ளே தையல் துருத்தாத ஷூவை அளவெடுத்து வாங்க வேண்டும். போடுவதற்கு முன் கையை உள்ளே விட்டுக் கல், மண் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஓடி வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், பார்க்க முடியாதவர் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

தரைக்குத் தரை ஷூ என்றால் எத்தனை ஜோடிதான் வாங்குவது, இது பணக்காரர்களின் வாதம் அல்லவா என்பது கடைசியாக வரும் ஆட்சேபம். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே ரோட்டில் ஓடுபவருக்கு ஒரு ஜோடி போதும். வாரத்துக்கு நாலைந்து நாள் ஓடுபவருக்கு மட்டும் இரண்டு ஜோடியைச் சொல்வேன். 264 பேரை 22 வாரம் கவனித்த லக்ஸம்பர்க் ஆய்வு ஒன்றில், வேறு வேறு ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. ஷூ மாறும்போது சுமை ஒரே இடத்தில் விழாமல் இடம் மாறுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இரண்டு ஜோடியும் மாறி மாறி உழைப்பதால் இரண்டும் கூடுதல் நாள் வரும், ஆகவே மொத்தச் செலவு நினைப்பதுபோல் இரட்டிப்பாகாது. பதினைந்தாயிரம் ரூபாய் ஷூ ஒன்றைவிட, காலுக்கு ஒத்துவரும் நாலாயிரம் ரூபாய் ஷூ இரண்டு மேல். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஷூவை விட்டுவைக்காதீர்கள், சூட்டில் ஃபோம் சுருங்கும். மழையில் நனைந்தால் இன்சோலை உருவி, பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். 500லிருந்து 800 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஷூவை மேஜையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால், பக்கவாட்டு ஃபோமில் சுருக்கக் கோடுகள் விழுந்து கட்டைவிரலால் அழுத்தினாலும் எழும்பாமல் கிடந்தால், மேல்துணி புதிதுபோல் பளிச்சென்று இருந்தாலும் அதை ஓடுவதற்குப் போடாதீர்கள். கடைக்குப் போக வர வைத்துக்கொள்ளுங்கள்.