பழைய காருக்குப் புது சைலன்சர்: வாங்கும் முன் ஒரு வேதியியல் பாடம்



திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையில் பௌர்ணமி அன்று நின்று பாருங்கள். புது வண்டிகளுக்கு நடுவே இருபது வயசு மாருதி 800-ம் அம்பாசிடரும் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு போகும். சைலன்சர் போயிடுச்சு என்று அர்த்தம். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், "கன்வெர்ட்டரைத் தூக்கிட்டு வெறும் பைப் போட்டுடலாம், மைலேஜ் கூடும், செலவும் கம்மி" என்று சொல்பவர்கள் உண்டு. இது சரியா? பாடப் புத்தகத்தில் "வினையூக்கி" என்று படிக்கிறோமே, விடை அதில்தான் இருக்கிறது.

சைலன்சர் என்று நாம் ஒரே பேரில் சொல்வது ஒரு சாமான் இல்லை. எஞ்சினை ஒட்டி மேனிஃபோல்டு, அடுத்து கன்வெர்ட்டர், பிறகு நீளப் பைப், கடைசியில் சத்தத்தை அடக்கும் டப்பா. பெரும்பாலும் முதலில் துருப்பிடிப்பது கடைசி டப்பாதான். ஏன் தெரியுமா? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது! பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டினால் டப்பா சூடாகாது, ஆவி தண்ணீராகி உள்ளேயே தங்கும். ஆக, டப்பா ஓட்டையானதற்காகக் கன்வெர்ட்டரையும் கழற்றி எறிவது, செருப்பு அறுந்ததற்குக் காலை வெட்டுகிற கதை.

கன்வெர்ட்டருக்குள் பீங்கானால் ஆன தேன்கூடு மாதிரி ஒரு கட்டை இருக்கும். இடியாப்ப அச்சை விடப் பல மடங்கு நெருக்கமான துளைகள். அதன் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். மொத்தமே ஒரு சில கிராம்தான். கார்பன் மோனாக்சைடு இங்கே கார்பன் டை ஆக்சைடாகிறது. எரியாத பெட்ரோல் ஆவி, தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடுமாகிறது. நைட்ரஜன் ஆக்சைடு மறுபடி நைட்ரஜனாகிறது. வினையூக்கி தான் செலவாகாமல் வேலையை முடித்துத் தருகிறது. (புவி வெப்பமாவதற்கு இது மருந்தில்லை. கார்பன் டை ஆக்சைடு வெளியே வரத்தான் செய்யும்.)

செலவாகாத பொருள் ஏன் கெட்டுப்போகிறது? இதுதான் முக்கியமான கேள்வி. ஒன்று, ஈயம். அது உலோகப் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும். அதனால்தான் 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னையில் விற்கும் புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது ஈயம் கலக்காத பெட்ரோலும் சேர்ந்து வந்தது. நாடு முழுவதும் ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். ஆகவே அந்தக் காலத்தில் நம்ம ஊர்ப்பக்கம் வாங்கிய வண்டியில் கன்வெர்ட்டரே இல்லாமலும் இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

இப்போது ஈயம் இல்லை. ஆனால் எஞ்சின் ஆயில் குடித்தால் அதிலுள்ள பாஸ்பரஸ் படியும். பிளக் சரியாக எரியாவிட்டால் பெட்ரோல் அப்படியே வந்து கன்வெர்ட்டருக்குள் எரிந்து பீங்கானையே உருக்கிவிடும். ஸ்பீடு பிரேக்கரில் அடி வாங்கினாலும் கட்டை உடைந்து கலகலவென்று ஆடும். எனவே காரணத்தைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால், புதுசும் அதே வழிதான்.

எங்க பெரியப்பாவின் 2006 மாடல் மாருதி 800 கதையும் இதுதான். சத்தம் அதிகமானபோது "வெறும் பைப்" யோசனைதான் அவருக்கும் கிடைத்தது. ஆனால் அந்த வண்டியில் திருவண்ணாமலை போகும்போதெல்லாம் பெரியம்மாவுக்குத் தலைவலி. வயசு என்றார்கள். கீழே படுத்துப் பார்த்தால் பின் சீட்டுக்கு நேராகப் பைப்பில் விரல் நுழைகிற ஓட்டை! கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். கன்வெர்ட்டரைத் தட்டிப் பார்த்தார்கள், ஆட்டம் இல்லை. பைப்பும் டப்பாவும் மட்டும் மாற்றினார்கள். தலைவலி அதோடு நின்றது.

கன்வெர்ட்டரும் போய்விட்டதென்றால்? ஆர்.சி. புக்கில் உள்ள வருஷம், மாடல் இரண்டையும் சொல்லி அந்த எஞ்சினுக்கென்று செய்ததையே கேட்க வேண்டும். ஆக்சிஜன் சென்சார் மாட்டும் துளை பழையதில் இருந்த இடத்திலேயே இருக்கணும். அந்த சென்சாருக்கு முன்னால் இணைப்பில் சின்ன கசிவு இருந்தால்கூட வெளிக்காற்று உள்ளே போகும். "காற்று அதிகம்" என்று கம்ப்யூட்டர் ஏமாந்து பெட்ரோலை அதிகமாக ஊற்றும். அதனால் கேஸ்கெட்டையும் புதுசா போடுங்க. ரொம்ப மலிவான கன்வெர்ட்டரில் என் நம்பிக்கை குறைவு. உள்ளே பூச்சு எவ்வளவு என்று கண்ணால் பார்க்க முடியாது, உத்தரவாதச் சீட்டைத்தான் பார்க்க முடியும்.

பைப் வாங்கும்போது சிலர் காந்தம் வைத்துப் பார்த்து, "ஒட்டுது, இது எவர்சில்வர் இல்லை" என்பார்கள். இது பாதி அறிவியல். சைலன்சருக்குப் பயன்படும் 409 ரக எவர்சில்வரில் குரோமியம் சுமார் 11 சதவீதம், காந்தம் நன்றாகவே ஒட்டும். சாதா இரும்பை விடப் பல வருஷம் உழைக்கும்.

சட்டமும் சும்மா விடாது. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் காருக்குப் புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு 0.5 சதவீதம்தான். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு இந்த அளவுக்குள் வருவது கஷ்டம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம்.

ஒரு விஷயம் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி செல்சியஸ் சூடு வந்த பிறகுதான் வேலையை ஆரம்பிக்கும். பரிசோதனை நிலையம் பக்கத்துத் தெருவில் இருந்தாலும், கோட்டை வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டி, சூடான வண்டியோடு போய் நிறுத்தச் சொல்லுங்கள்.