பழைய தேக்கும் புது ஃப்ளாட்டும்: பல பாணிகளை ஒரே வீட்டில் சேர்க்கும்போது செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பல ஊர்ப் பொருட்களை ஒரே வீட்டில் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூணும் இத்தாலிய மார்பிளும் பெல்ஜியம் கண்ணாடியும் ஆத்தங்குடித் தரையும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் அந்த வீடுகள் சந்தைக்கடை மாதிரித் தெரிவதில்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, சமையற்கட்டு என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில் போகும். தலைவாசலில் நின்றால் கொல்லைவாசல் தெரியும். அந்த ஒழுங்கை முதலில் தீர்மானித்துவிட்டுத்தான் உலகத்துப் பொருட்களை உள்ளே கொண்டுவந்தார்கள்.

இன்று பூர்வீக வீடு பாகம் பிரிகிறது. அப்பத்தாவின் அலமாரியும் ஊஞ்சலும் பித்தளை அண்டாவும் சென்னையிலோ கோவையிலோ ஆயிரம் சதுர அடி ஃப்ளாட்டுக்கு வந்து சேருகின்றன. அங்கே மாடுலர் கிச்சனும் வெள்ளை டைல்ஸும் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைக்க முடியும். அதற்கும் முதலில் வேண்டியது ஒழுங்குதான்.

செய்ய வேண்டியவை

1. ஒரு பாணிக்கு முதலிடம் கொடுங்கள். ஆளுக்குப் பாதி என்று பிரித்தால் இரண்டுமே எடுபடாது. வீட்டில் முக்கால் பங்கு ஒரு பாணி, கால் பங்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அசையாத தரை, சுவர், கதவு, வார்ட்ரோப் எல்லாம் எளிமையாக, ஒரே மாதிரி இருக்கட்டும். நகர்த்தக்கூடிய நாற்காலி, பெட்டி, படம், விளக்கு ஆகியவற்றில் கலப்பைக் காட்டுங்கள். மனம் மாறினால் இடம் மாற்றிக்கொள்ளலாம்; எதையும் உடைக்க வேண்டியிருக்காது.

2. வீடு முழுக்க ஒரு இழை ஓடட்டும். அது ஒரு நிறமாக இருக்கலாம், ஓர் உலோகமாக இருக்கலாம். ஹாலில் பித்தளைக் குத்துவிளக்கு இருக்கிறதா? பெட்ரூம் அலமாரிக் கைப்பிடியும் பித்தளையாக இருக்கட்டும். தரையில் செங்காவி நிறம் இருந்தால், சோபாவின் குஷனிலும் சமையலறைத் திரையிலும் அதே காவி ஒருமுறை வந்துபோகட்டும். கண் அதைத்தான் பிடித்துக்கொண்டு அறைக்கு அறை போகும்.

3. வண்டி ஏற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். ஏழடி அலமாரி ஹாலில் நிற்கும், லிஃப்டுக்குள் நுழையுமா? படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்புமா? பழைய அலமாரிகள் பலவும் ஆணி அதிகம் இல்லாமல் முளையும் ஆப்பும் வைத்துப் பூட்டியவை. விவரம் தெரிந்த ஆசாரி, துண்டு துண்டாகக் கழற்றி, எண் போட்டு, மேலே கொண்டுபோய்ப் பூட்டித் தருவார்.

4. ஊஞ்சலுக்கு இன்ஜினீயரைக் கேளுங்கள். பழைய வீட்டில் உத்தரம் சுமந்த ஊஞ்சலை இங்கே கான்கிரீட் தளம் சுமக்க வேண்டும். தேக்குப் பலகை, சங்கிலி, மூன்று பேர், அதற்கு மேல் ஆட்டத்தின் இழுப்பு எல்லாம் சேர்ந்த பாரம் அது. கொக்கியைத் தளத்திலோ பீமிலோ எங்கே, எப்படிப் பதிப்பது என்பதை அவர் சொல்லட்டும். ஃபால்ஸ் சீலிங் எந்தப் பாரத்தையும் தாங்காது. முன்னும் பின்னும் மூன்றடியாவது வெற்றிடம் விடுங்கள்.

5. விளக்கை மாற்றிப் பாருங்கள். பல வீடுகளில் எரிவது 6500 கெல்வின் வெள்ளை எல்இடி. அந்த வெளிச்சத்தில் தேக்கு வெளிறும், பித்தளை சோகை பிடித்ததுபோல் தெரியும். அதே இடத்தில் 3000 கெல்வின் வார்ம் ஒயிட் விளக்கைப் போட்டால் மரத்தின் ரேகை எழும்பி வரும், பக்கத்தில் இருக்கும் புது சோபாவும் கூட இணக்கமாகத் தெரியும். குறைந்த செலவில் நிறைய மாற்றம் தருவது இதுதான்.

6. ஆத்தங்குடி டைல்ஸை இடம் பார்த்துப் பதியுங்கள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது இது. சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி தொட்ட முகம்தான் தரையின் முகம். புழங்கப் புழங்கப் பளபளப்பு கூடும். ஹாலின் நடுவில் ஜமுக்காளம் விரித்த அளவுக்கு ஒரு சதுரம், பால்கனி, பூஜை அறை போதும். சாதாரண வெர்ட்டிஃபைட் டைல்ஸைவிட இது தடிமன் அதிகம். மட்டம் வித்தியாசப்படாமல் இருக்க, கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

7. மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. பிடித்த பொருளைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிறு துளைகளும் புதிதாக உதிர்ந்த மாவும் இருந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. மருந்தடிக்காமல் அதை வீட்டுக்குள் விடக்கூடாது; உங்கள் புது பிளைவுட்டும் அதற்கு இரைதான்.

செய்யக்கூடாதவை

1. நிஜத் தேக்குக்குப் பக்கத்தில் தேக்கு மாதிரி லேமினேட் ஒட்டாதீர்கள். அசல் அருகில் இருக்கும்போதுதான் நகல் அம்பலமாகும். அதோடு அசலின் மதிப்பையும் குறைத்துவிடும். வார்ட்ரோப்புக்கு மர ரேகையே இல்லாத வெளிர் நிறமோ சாம்பலோ கரும்பச்சையோ கொடுங்கள்.

2. அறைக்கு ஒரு நாடு என்று பிரிக்காதீர்கள். ஹால் செட்டிநாடு, பெட்ரூம் ஜப்பான், சாப்பாட்டு அறை ஐரோப்பா என்றால் அது கண்காட்சி. சேர்க்கை என்பது ஒரே அறைக்குள் நடக்க வேண்டும்: நேர்கோட்டுப் புது சோபாவுக்கு எதிரே கடைசல் கால் வைத்த பழைய நாற்காலி ஒன்று.

3. மேலே சொன்ன ஆத்தங்குடி இடங்களைத் தவிர, அறைக்கு அறை தரையை மாற்றாதீர்கள். சின்ன வீடு இன்னும் சின்னதாகத் தெரியும்.

4. ஆத்தங்குடி போன்ற சிமென்ட் டைல்ஸில் ஆசிட் ஊற்றாதீர்கள். அது வண்ணத்தையே அரித்துவிடும். எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும்கூடத் தடம் விடும் என்பதால், அடுப்பு இருக்கும் அறைக்கு இந்தத் தரை வேண்டாம்.

5. எல்லாவற்றையும் ஒரே சுவரில் குவிக்காதீர்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்கு இரண்டு பக்கமும் வெறுஞ்சுவர் வேண்டும். டிவிக்குப் பக்கத்திலோ, ஈரம் ஏறும் சுவரிலோ, வெயில் நேராக விழும் இடத்திலோ மாட்டக்கூடாது.

6. பொருந்தவில்லை என்று வெட்டாதீர்கள். கட்டில் காலைக் குறைப்பதும், பர்மா தேக்குக்கு வெள்ளை பெயின்ட் அடிப்பதும் எளிதில் சரிசெய்ய முடியாத காரியங்கள். இந்த வீட்டில் இடமில்லையென்றால் இடமுள்ள உறவினருக்குக் கொடுங்கள்.

7. நிற்கிற வீட்டைப் பிரித்து உங்கள் ஹாலை அலங்கரிக்காதீர்கள். தூணுக்கும் கதவுக்கும் நல்ல விலை கிடைக்கிறது என்பதற்காகவே செட்டிநாட்டில் நல்ல வீடுகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கோயில் பொருளாகத் தெரிந்தால் தொடவே வேண்டாம். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. பெரிய தூண்களையும் முகப்பையும் பார்க்க ஆசையிருந்தால் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். அங்கே ஒரு செட்டிநாட்டு வீட்டையே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

8. பழைய பொருளைத் தொடாமல் வைக்காதீர்கள். அண்டாவில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடலாம், அலமாரியில் பட்டுப்புடவை அடுக்கலாம், மணையில் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடலாம். கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிய பொருள் எப்போதும் விருந்தாளியாகவே இருக்கும். தினமும் கைபட்டுப் புழங்கும் பொருள், அது எந்த ஊர்ப் பாணியாக இருந்தாலும், ஓரிரு வருடங்களில் அந்த வீட்டோடு சேர்ந்துவிடும்.