ஆள் மாறினாலும் கடை நிற்க வேண்டும்!
இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்புகள் வணிகர்களுக்குத் தரும் பாடம்

முப்பது வருடமாகக் கணக்கு எழுதியவர் முதுமையால் விலகிக்கொள்கிறார். கொள்முதலில் கைதேர்ந்த மூத்த ஆள் தனிக்கடை போட்டுவிடுகிறார். மறுநாளே கடை ஆட்டம் காண்கிறது. எந்த மண்டியில் எந்தச் சரக்கு, யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் கம்பெனியிடம் எத்தனை நாள் தவணை என்பதெல்லாம் போனவரோடு போய்விடுகின்றன. இந்த அனுபவம் இல்லாத வணிகர் நம்மில் குறைவு.

இதே சிக்கலை மிகப் பெரிய அளவில் சந்திப்பவை இங்கிலாந்தின் கால்பந்துக் கிளப்புகள். விளையாட்டுக்கும் வியாபாரத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் கேட்கலாம். அந்தக் கிளப்புகளும் முதலாளி, சம்பளம், கொள்முதல், லாப நஷ்டம் எல்லாம் உள்ள கம்பெனிகளே. பிரிமியர் லீக் என்னும் முதல் பிரிவில் 20 கிளப்புகள் உள்ளன. பருவ முடிவில் கடைசி மூன்று இடங்களில் இருப்பவை கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படும். வருமானம் பெருமளவு விழும். ஆகவே அணியை நடத்தும் ஆளைத் தேர்ந்தெடுப்பது அவர்களுக்கு வாழ்வா சாவா என்ற விஷயம். அதை அவர்கள் செய்யும் முறை அண்மைக் காலத்தில் பெரிதும் மாறியிருக்கிறது.

பழைய முறை

முன்பெல்லாம் 'மேனேஜர்' என்றால் எல்லாம் அவரே. பயிற்சி தருவது, ஆடுபவரைப் பொறுக்குவது, புதிய ஆட்டக்காரர்களை விலை பேசி வாங்குவது, இளைஞர்களை வளர்ப்பது ஆகிய அனைத்தும் அவர் கையில். மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பில் அலெக்ஸ் பெர்குசன் 1986 நவம்பரிலிருந்து 2013 மே வரை இப்படித்தான் ஆண்டார். 13 முறை பிரிமியர் லீக் பட்டம் வென்று கொடுத்தார்.

அவர் ஓய்வு பெற்ற அதே வேளையில் கிளப்பின் தலைமை நிர்வாகியும் விலகினார். புதிதாக வந்த டேவிட் மோயசுக்கு ஆறு வருட ஒப்பந்தம் தரப்பட்டது. அவர் தமக்குப் பழகிய உதவியாளர்களை அழைத்துவர, பழைய பயிற்சியாளர்களில் முக்கியமானவர்கள் வெளியேறினர். முந்தைய பருவத்தில் பட்டம் வென்ற அணி ஏழாவது இடத்துக்கு இறங்கியது. 2014 ஏப்ரலில், பத்து மாதம்கூட நிறையாமல், மோயஸ் நீக்கப்பட்டார். பின்னர் பலர் வந்து போயினர். 2025 வரை அந்த லீக் பட்டம் திரும்பவில்லை. கடையின் அறிவு முழுவதும் ஒரே தலைக்குள் இருந்ததற்குக் கொடுத்த விலை இது.

பழைய காலத்திலும் இதற்கு மாறான உதாரணம் ஒன்று உண்டு. லிவர்பூல் கிளப்பை 1959 முதல் நடத்திய பில் ஷாங்க்லி 1974-ல் திடீரென விலகினார். வெளியிலிருந்து யாரையும் தேடாமல், அவருடைய உதவியாளர் பாப் பெய்ஸ்லியையே அமர்த்தினார்கள். விளையாட்டுக் காலணிகள் வைக்கும் சிறு அறையில் பயிற்சியாளர்கள் கூடி அன்றாடம் பேசுவார்கள். பயிற்சி விவரங்களைக் குறிப்பேட்டில் எழுதியும் வைப்பார்கள். அங்கே பழகிய பெய்ஸ்லி ஒன்பது பருவங்களில் ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் வென்றார். அடுத்து வந்த ஜோ ஃபேகனும் அதே அறையின் ஆள்தான். முதல் பருவத்திலேயே மூன்று கோப்பைகள் வென்றார்.

புதிய முறை: பொறுப்பைப் பிரித்தல்

இன்று பெரும்பாலான கிளப்புகள் பொறுப்பை இரண்டாகப் பிரித்துவிட்டன. ஆட்டக்காரர்களை வாங்குவது, விற்பது, நீண்டகாலத் திட்டம் போடுவது ஆகியவற்றை 'விளையாட்டு இயக்குநர்' பார்த்துக்கொள்கிறார். பயிற்சியையும் ஆட்டத்தையும் மட்டும் 'தலைமைப் பயிற்சியாளர்' கவனிக்கிறார். ஐரோப்பாவின் பிற நாடுகளில் முன்பே இருந்த வழக்கம் இது. பயிற்சியாளர் போனாலும் கொள்முதலும் கணக்கும் அசையாமல் இருக்கும் என்பதே இதன் நன்மை.

இதில் கவனிக்க வேண்டிய கிளப் பிரைட்டன். 2009-ல் இதைக் கையில் எடுத்தவர் டோனி புளூம். பந்தயத் தொழிலில் புள்ளிவிவரக் கணக்கால் பொருள் ஈட்டியவர். முக்கியப் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும் பின் யார் என்ற பட்டியலை இந்தக் கிளப் எப்போதும் தயாராக வைத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் அதன் மேனேஜர் கிரகாம் பாட்டரை, அவருடைய உதவியாளர்களோடு சேர்த்து, செல்சி கிளப் அழைத்துக்கொண்டது. ஒப்பந்தம் மீதம் இருந்ததால் பிரைட்டனுக்கு நஷ்டஈடாக 2 கோடி பவுண்டுக்கும் மேல் கிடைத்ததாகச் செய்தி வந்தது. பத்தே நாளில் இத்தாலியரான ராபர்ட்டோ டி செர்பி பொறுப்பேற்றார். அந்தப் பருவ முடிவில் அணி ஆறாவது இடம் பிடித்து, தன் வரலாற்றில் முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 2024-ல் அவரும் விலகியபோது ஃபாபியன் ஹூர்சலர் என்ற 31 வயது இளைஞரை அமர்த்தினார்கள். பெயருக்காக ஆள் எடுக்கவில்லை. தங்கள் ஆட்டமுறைக்குப் பொருந்துகிறவரை எடுத்தார்கள்.

பலனைப் பார்ப்பதா, வேலையைப் பார்ப்பதா?

ஆளை எடைபோடும் முறையும் மாறிவிட்டது. 2014-15 பருவத்தில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணி பாதி வழியில் கீழே தள்ளப்படும் இடத்தில் கிடந்தது; முடிவில் ஏழாவதாக வந்தது. அதன் பயிற்சியாளர் யூர்கன் கிளாப்பின் காலம் முடிந்தது என்று பலர் பேசினர். லிவர்பூல் கிளப்பின் ஆய்வுப் பிரிவுத் தலைவர் இயன் கிரகாம், இயற்பியல் படித்தவர், அந்த ஆட்டங்களின் விவரங்களை அலசினார். கோல் அடிக்க அந்த அணி உருவாக்கிய வாய்ப்புகளும் எதிரிக்குக் கொடுத்த வாய்ப்புகளும் முன்னணி அணிக்குரியவை. எண்ணிக்கையில் மட்டும் அதிர்ஷ்டம் கைவிட்டிருந்தது என்று கண்டார். 2015 அக்டோபரில் கிளாப் லிவர்பூலில் சேர்ந்தார். 2019-ல் ஐரோப்பியக் கோப்பையும், 2020-ல் முப்பது வருடத்துக்குப் பின் லீக் பட்டமும் கிடைத்தன.

அவர் விலகிய விதமும் நல்லது. 2024 ஜனவரியிலேயே பருவ முடிவில் போகப்போவதாக அறிவித்தார். தேடுவதற்கு நேரம் கிடைத்தது. ஆர்னே ஸ்லாட் வந்து, பெரும்பாலும் இருந்த ஆட்டக்காரர்களைக் கொண்டே 2024-25 பட்டத்தை வென்றார்.

மாற்றினால் மட்டும் போதுமா?

நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் 1986 முதல் 2004 வரையிலான அந்நாட்டு லீக் ஆட்டங்களை ஆராய்ந்து 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொடர் தோல்விக்குப் பின் மேனேஜரை நீக்கிய கிளப்புகள் மீண்டு எழுந்தன. ஆனால் அதேபோல் சரிந்தும் மேனேஜரை நீக்காத கிளப்புகளும் அதே அளவுக்கு மீண்டன! கெட்ட காலம் தானே கழிந்ததற்கு, புதிதாக வந்தவர் பேர் வாங்கிக்கொண்டார் என்பதே இதன் பொருள்.

புதியவரின் முதல் வேகமும் ஏமாற்றும். 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் தற்காலிகமாக அமர்த்திய ஓலே குன்னர் சோல்ஷயர், முதல் 19 ஆட்டங்களில் 14-ஐ வென்றார். 2019 மார்ச்சில் நிரந்தரமாக்கினார்கள். அந்தப் பருவத்தின் மீதி 10 ஆட்டங்களில் இரண்டில்தான் வெற்றி.

புதிய முறை என்று பலகை மாட்டுவதாலும் பயன் இல்லை. அதே கிளப் 2024-ல் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை ஜூலையில் நீட்டித்து அக்டோபரில் அவரை நீக்கியது. ஈட்டுத்தொகை உட்பட ஒரு கோடி பவுண்டுக்கும் மேல் செலவாயிற்று. பல மாதம் காத்திருந்து ஜூலையில் அமர்த்திய விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வர்த்தும் டிசம்பரில் வெளியேறினார். நல்ல நிலத்தில் விளைந்த மரத்தைப் பிடுங்கி நட்டால் மட்டும் காய்த்துவிடாது. மண்ணும் பொருந்த வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. எழுதி வையுங்கள். மண்டி முகவரிகள், வாங்கும் விலை, தவணை, வாடிக்கையாளரின் பற்று வரவு ஆகியவை ஒருவரின் ஞாபகத்தில் இல்லாமல் பேரேட்டில் இருக்கட்டும். லிவர்பூலின் குறிப்பேடு நமக்கும் வேண்டும்.

2. ஒரே ஆளிடம் எல்லாம் வேண்டாம். கொள்முதல் செய்பவர் ஒருவர், கல்லாவில் இருப்பவர் ஒருவர் என்று பிரியுங்கள். இடம் இல்லாத சிறு கடையானால், வாரத்தில் ஒரு நாளாவது வேலையை மாற்றிக் கொடுத்துப் பழக்குங்கள்.

3. அடுத்தவர் யார்? இந்தக் கேள்விக்கு இன்றே விடை வேண்டும். முதலாளியான உங்களுக்கும் இது பொருந்தும். மகனோ மருமகனோ சம்பள ஆளோ, யாராயினும் நீங்கள் இருக்கும்போதே மண்டிக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள்.

4. ஒரு மாத விற்பனையைக் கண்டு ஆளை எடை போடாதீர்கள். ஆடி மாதம், வாசலில் தோண்டிய சாலை, எதிரே திறந்த புதுக்கடை இவற்றில் எது காரணம் என்று பாருங்கள். சரக்கு இருப்பு, எடை, வாடிக்கையாளரிடம் பேச்சு சரியாக இருந்தால் பொறுத்திருங்கள். அதேபோல் தீபாவளி வியாபாரத்தை வைத்துப் புது ஆளைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம்.

5. பிரியும்போது நல்லபடியாகப் பிரியுங்கள். எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், என்ன கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதை வேலையில் சேர்க்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். கொடுக்க வேண்டியதை மனக்கசப்பின்றிக் கொடுத்து அனுப்புங்கள்.

லிவர்பூலும் 2025-ல் பெருந்தொகைக்கு ஆட்டக்காரர்களை வாங்கிய பின் தடுமாறியது. எந்த முறையும் நிரந்தர வெற்றிக்கு உத்தரவாதம் தராது. ஆனால் முறை இருக்கும் கடை விழுந்தாலும் எழும். ஓர் ஆளை மட்டும் நம்பிய கடை, அந்த ஆள் போகும் நாளில் நின்றுவிடும். வெள்ளம் வருமுன் அணை போடுவோம். இன்று இரவு கணக்கு முடித்தபின், இந்தக் கடையில் யாராவது ஒருவர் நாளை வராவிட்டால் எது நின்றுபோகும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.