சார்ட் கட்டளையிடம் பட்டியலைக் கொடுக்கும் முன்

உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிப் பாசனக்காரர்களின் பட்டியலை ஒழுங்குபடுத்தித் தருவது என் வேலை. பெயர், புல எண், ஊர் என்று காற்புள்ளி இட்ட உரைக்கோப்பு. லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி. இதற்கு ‘சார்ட்’ கட்டளையே போதும். எது எண், எது பெயர் என்பதை மட்டும் நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

சும்மா விட்டால் 102/3, 12/2, 9/1 என்று எழுத்தெழுத்தாகப் பார்த்து அடுக்கும். ‘மைனஸ் என்’ சேர்த்தால் 9, 12, 102 சரியாகிவிடும். உட்பிரிவில்தான் சிக்கல்: 12/2க்கு முன்னால் 12/10 வந்து நிற்கும். புல எண்ணுக்குப் பொருத்தமானது ‘மைனஸ் பெரிய வி’. காற்புள்ளிதான் பிரிப்புக்குறி என்பதை ‘மைனஸ் டி’யில் சொல்லுங்கள். ‘மைனஸ் கே’யில் வெறும் 2 போட்டால் இரண்டாம் பத்தியிலிருந்து வரிக் கடைசிவரை எடுத்துக்கொள்ளும், 2,2 என்று எல்லை கட்டுங்கள்.

இரட்டிப்பை நீக்கும் ‘மைனஸ் யு’வைப் புல எண் பத்தியோடு சேர்க்கவே கூடாது. கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி மூவர் இருந்தால் ஒருவர்தான் மிஞ்சுவார். ஊருக்குள் சண்டை வர அது போதும்.

பெயர் வரிசை இன்னும் வம்பு. யூனிகோட் குறியெண்படி அடுக்கினால் கண்ணனுக்கு முன் கணேசன் வருவார்; புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதே காரணம். நம் அகராதியில் ‘ண்’ முன்னே, ‘ண’ பின்னே. குறியெண்படி ழ, ள இரண்டும் வகரத்துக்கு முன்னால் போய்விடும். யூனிகோடின் சிஎல்டிஆர் தரவில் தமிழுக்கென வரிசை விதி உண்டு. அதைப் பயன்படுத்தும் ஐசியூ நூலகத்தைப் பைத்தான் வழியாக அழைப்பதே மேல்.

விடையை அதே கோப்பில் எழுத ‘மைனஸ் ஓ’ இருக்கிறது. அம்புக்குறியால் அதே கோப்புக்குத் திருப்பினால், சார்ட் படிக்கும் முன்பே ஷெல் அதைக் காலி செய்துவிடும்.

முறைத் தண்ணீருக்குக் குலுக்கல் வேண்டுமானால் ‘ஷஃப்’ கட்டளை வரிகளைக் கலைத்துத் தரும். ஆனால் பராந்தகச் சோழன் காலத்தில், 921இல், இங்கே வெட்டிய கல்வெட்டு 30 குடும்புகளுக்கும் (ஊர்ப் பிரிவுகளுக்கும்) ஓலை எழுதிக் குடத்தில் இட்டு, சபையார் எல்லோரும் காணக் குடத்தைத் தூக்கிக் காட்டச் சொல்கிறது. வரிசைப்படுத்த மடிக்கணினி சரி. குலுக்கலுக்கு இன்றும் சீட்டும் குடமும்தான் சரி.