ஐம்பத்தைந்தில் இளைப்பாறலாமா?

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று எமது முன்னோர் சொன்னதற்குச் சம்பளத்தைவிட பென்சனே பெரிய காரணம். ஐந்தாறு பரப்புத் தோட்டக் காணியை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞர்களாக அனுப்பிய குடாநாட்டில், மாதம் தவறாமல் வரும் ஓய்வூதியம் மழையை நம்பாத ஒரு வயலாக இருந்தது. அந்த வயலை அறுவடைக்கு முன்னரே விட்டுவிட இன்று பலர் எண்ணுவதை நாம் காண்கிறோம்.

ஞானஸ்நானச் சான்றுக்காக அறைவீட்டுக்கு வருவோரிடம் "எதற்கு?" என்று கேட்பது எமது வழக்கம். முன்னர் கலியாணத்துக்கு என்பார்கள், அல்லது வெளிநாட்டுக்கு என்பார்கள். இப்போது "ஐம்பத்தைந்து முடிஞ்சுது ஃபாதர், பென்சனுக்கு எழுதப் போறன்" என்ற பதிலும் வருகிறது. மேலும் விசாரித்தால், மகனை அனுப்ப ஏஜென்சிக்குக் காசு, மகளின் சீதனம், படுக்கையில் கிடக்கும் தாய் என்று காரணங்கள் வரும். இவற்றை நாம் குறைகூறவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டிய கணக்கை அநேகர் பார்ப்பதில்லை. லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட முனைந்தவனின் உவமை இவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் விதியைப் பார்ப்போம். அரச ஊழியர் ஒருவர் 55 வயதின் பின் தாமாக விரும்பி இளைப்பாறலாம். கட்டாய வயது 60. இதை 65 ஆக உயர்த்துவதாக 2021 நவம்பர் வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. 2022 ஆகஸ்ட் இடைக்கால வரவு செலவுத் திட்டம் அதை மீண்டும் 60 ஆக்கியது. ஆகவே 60ஐக் கடந்திருந்தோர் அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதியுடன் வீடு செல்ல வேண்டியதாயிற்று. அறுபத்தைந்து வரை சம்பளம் வருமென்று கடன் எடுத்திருந்தவர்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள். விதிகள் மாறும், எனவே அயலவர் ஐந்து வருடங்களுக்கு முன் எப்படி இளைப்பாறினார் என்பதை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

மாதாந்த ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டு சேவை வேண்டும். இந்தச் சிறிய விதி எமது பகுதியில் பலரைக் கவிழ்க்கக்கூடியது. யுத்த காலத்தில் தொண்டர் ஆசிரியர்களாக ஆண்டுக்கணக்கில் படிப்பித்துவிட்டு, நாற்பது வயதைத் தாண்டிய பின்னரே நிரந்தர நியமனம் பெற்றவர்கள் எம்மிடையே உள்ளனர். "இருபது வருடம் படிப்பித்தேன்" என்று அவர்கள் சொல்வது உண்மையே. ஆனால் தொண்டராகக் கழித்த காலமும் ஓய்வூதியத்துக்குச் சேருமென்று நம்பியிருக்க வேண்டாம். நியமனக் கடிதத்தின் திகதியை எடுத்துப் பாருங்கள். நாமறிந்த ஆசிரியை ஒருவர் 46 வயதில் நியமனம் பெற்றவர். 55 முடிந்ததும் இளைப்பாறும் கடிதத்தை எழுதி, ஆங்கிலம் திருத்தித் தரும்படி எம்மிடம் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் பிழை அதிகமில்லை. திகதிகளைக் கூட்டிப் பார்த்தபோது ஒன்பது ஆண்டும் சில மாதங்களுமே வந்தன. அக்கடிதம் அன்று போயிருந்தால் வாழ்நாள் முழுவதற்குமான மாதப் பணம் சில மாதக் குறைவினால் போயிருக்கும். கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். மகனின் பயணத்துக்குப் பின்னர் காணியை ஈடு வைத்தார்களா என்று நாம் கேட்கவில்லை.

பத்து ஆண்டைத் தாண்டியவர்களுக்கும் கணக்கு உண்டு. ஓய்வூதியம் கடைசியாகப் பெற்ற சம்பளத்தையும் சேவைக்காலத்தையும் கொண்டு கணிக்கப்படுகிறது. 30 வயதில் சேர்ந்தவர் 55இல் விலகினால் 25 ஆண்டு, 60இல் விலகினால் 30 ஆண்டு. ஐந்து வருடச் சம்பளத்தோடு ஐந்து சம்பள ஏற்றங்களும் போய்விடும். அந்த இழப்பு சாகும்வரை மாதாமாதம் தொடரும். சம்பள ஏற்றம் சின்ன விடயம் என்று எண்ணுவோர் செ. கோடீஸ்வரனை நினைத்துக்கொள்ள வேண்டும். கேகாலையில் எழுதுவினைஞராக இருந்த அவருக்கு, சிங்களப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்பதற்காக 1962இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்து 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றில் வென்றார், 1967இல் உயர்நீதிமன்றில் தோற்றார், 1969இல் இலண்டன் பிரிவுக் கவுன்சில்வரை சென்றார். அரச ஊழியன் தன் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மீது வழக்காட முடியும் என்ற தீர்ப்பை அங்கு பெற்றார். அவரது போராட்டம் மொழியுரிமைக்கானது என்பது சரியே. எனினும் அதன் வாசல் ஒரு சம்பள ஏற்றமாகவே இருந்தது.

இன்று இதில் இன்னுமொரு சிக்கல் உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆனால் அவ்வுயர்வு 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என மூன்று படிகளில் வருவது. எனவே எந்தத் திகதியில் விலகினால் எந்தச் சம்பளத்தின்மீது ஓய்வூதியம் கணிக்கப்படும் என்பதை, விண்ணப்பிக்குமுன் உங்கள் திணைக்களத்தின் கணக்குக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலுடன் திரும்ப வேண்டாம்.

பலரை இழுப்பது பணிக்கொடை. 24 மாத ஓய்வூதியத்துக்குச் சமமான தொகை ஒரே தடவையில் கைக்கு வரும். ஒரு கணக்குக்கு, மாதம் 40,000 ரூபா என்றால் 9 இலட்சத்து 60 ஆயிரம். இது நன்கொடையன்று. இதற்காக மாத ஓய்வூதியத்தில் ஒரு பகுதி குறைக்கப்பட்டு, 10 ஆண்டுகளின் பின்னரே முழுத்தொகை மீளக் கிடைக்கும். இந்தப் பணம் ஏஜென்சிக்காரனின் கையில் ஒரே நாளில் போனதையும், பையன் நடுவழியில் பிடிபட்டுத் திரும்பியதையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்த வீடுகளில் குறைந்த பென்சன் மட்டும் மிஞ்சியது.

நோயினால் வேலை செய்ய இயலாதவர்கள் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடக் கூடாது. மருத்துவச் சபையின் முன் சென்று மருத்துவக் காரணத்தால் இளைப்பாறும் வழி தனியாக உண்டு. சில ஆண்டுகள் வெளியே உழைக்க விரும்புவோருக்கு 2022இல் 14/2022 சுற்றறிக்கை, முதுநிலையும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாமல் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறைக்கு இடமளித்தது. அதன் இன்றைய நிலையையும் விசாரியுங்கள்.

இனிக் கடதாசிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எமது மக்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் தீவகத்திலிருந்தும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் வெளியேறியவர்கள் பிறப்புப் பதிவையும் நியமனக் கடிதத்தையும் வீட்டிலேயே விட்டுவந்தார்கள். சில அலுவலகங்களின் கோவைகளும் அழிந்தன. பிறப்புப் பதிவு இல்லாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழியுண்டு. அதற்கு ஞானஸ்நானப் பதிவும் பாடசாலைப் பதிவும் துணைச் சான்றாகும். பெயர்ச் சிக்கல் கத்தோலிக்கரிடம் இன்னும் கூட. பிறப்புப் பதிவில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் இன்னொன்று, அடையாள அட்டையில் முதலெழுத்து மாறிய மூன்றாவது. ஒரே ஆள்தான் என்று முழு ஊருக்கும் தெரியும். மாளிகாவத்தையில் ஓய்வூதியத் திணைக்களத்தில் கோவையைத் திறக்கும் உத்தியோகத்தருக்கு அது எப்படித் தெரியும்? இவற்றை 50 வயதிலேயே திருத்தத் தொடங்குங்கள்.

துணைவரின் உரிமை அடுத்தது. 1898ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும், 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் தபுதாரருக்கும் ஓய்வூதியம் வழங்க வழிசெய்தன. இதற்காகச் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள். உங்கள் பதிவிலக்கம் என்ன, அதில் மனைவியின் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் கோவிலில் தாலி கட்டிப் பதிவாளரிடம் போகாதவர்கள், திருமணப் பதிவைப் பற்றி இப்போதே பேச வேண்டும். கணவன் மறைந்தபின் மனைவி தனியே அலைவதை நாம் பலமுறை கண்டோம்.

அரச உத்தியோகம் இல்லாத வாசகர்கள் இது தமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். தனியார் துறையிலும் கூட்டுத்தாபனங்களிலும் உழைப்போருக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெறலாம். 1990இல் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் உழைத்தோரின் குடும்பங்களில் பழைய அங்கத்துவ இலக்கங்கள் இன்னும் பெட்டியடியில் கிடக்கக்கூடும்; எடுத்துப் பாருங்கள். கமக்காரருக்கு 1987இலும் கடற்றொழிலாளருக்கு 1990இலும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. அவற்றில் 60 வயதிலிருந்து பணம் வரும். ஆனால் 60க்கு முன்னரே சேர்ந்து தவணைப்பணம் கட்டியிருக்க வேண்டும். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பு பற்றி எழுதிய சுற்றுமடலில் முதுமைக்கால ஓய்வூதியத்தை உழைப்பாளரின் உரிமையாகக் குறிப்பிட்டார். கடலிலும் தோட்டத்திலும் உழைப்பவரை அவர் விலக்கவில்லை.

கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இப்பாடத்தை எடுப்போர், அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தத்தம் நியமனக் கடிதம், பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கணவன் வந்தால் மனைவியும் வரட்டும். நான்கிலும் பெயர் ஒன்றாக உள்ளதா, சேவைத் திகதியிலிருந்து எத்தனை ஆண்டு, எத்தனை மாதம் என்று இருவருமாகக் கூட்டிப் பார்க்கட்டும். இளைஞர் ஒருவர் கணக்குப் பொறியுடன் பக்கத்தில் இருந்தால் நல்லது.